விடிய விடியப் படிப்பது நஷ்டமே!

நடுவர் அவர்களே, மாணவச் செல்வங்களே, பெற்றோர்களே, அனைவருக்கும் வணக்கம்.

‘கல்லூரி மாணவர்கள் தூக்கத்தைக் குறைத்துப் படிப்பது லாபமா, நஷ்டமா?’ இதுதான் தலைப்பு. லாபமே என்று பேசிவிட்டு அமர்ந்த தம்பி, ‘தூங்கினவன் கன்று கடாக்கன்று’ என்ற பழமொழியைச் சொல்லிப் பலத்த கைதட்டல் வாங்கினார். தூங்கினால் நம் பசுங்கன்றைக் களவாடிவிட்டுக் கடாக்கன்றை வைத்துவிடுவார்கள் என்பது அதன் பொருள். சரி, அந்தக் கன்றையே எடுத்துக்கொள்வோம். மாணவனுடைய கன்று எது? அவன் படித்த பாடம். அது எப்போது களவு போகிறது? தூங்கும்போதா, விழித்திருக்கும்போதா?

இதைச் சோதித்தே பார்த்திருக்கிறார்கள். அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் ஜென்கின்ஸ், டாலன்பாக் என்ற உளவியலாளர்கள் இரண்டு மாணவர்களை வைத்துச் செய்து 1924-ல் வெளியிட்ட ஆய்வு அது. பொருளே இல்லாத பத்து அசைகளை மனப்பாடம் செய்யச் சொன்னார்கள். சில நாள் படித்த கையோடு தூங்கவிட்டார்கள். சில நாள் படிக்கவைத்து, அன்றாட வேலைகளைப் பார்க்க அனுப்பினார்கள். எட்டு மணி நேரம் கழித்துக் கேட்டால், தூங்கி எழுந்த நாளில் ஏறக்குறைய பாதியைச் சொன்னார்கள். விழித்திருந்த நாளில் ஒன்றைச் சொல்வதே பெரும்பாடாக இருந்தது. அதே மாணவர்கள், அதே மாதிரிப் பாடம்! கன்றைக் காவல் காத்தது தூக்கம்தான், நடுவர் அவர்களே.

நான் விடைத்தாள் திருத்துகிறவள். விடிய விடியப் படித்து, நைட் அவுட் போட்டுவிட்டு வந்த பிள்ளையின் தாள் எனக்குத் தெரிந்துவிடும். 12 என்று எண் போட்டிருக்கும், உள்ளே 13-ஆம் கேள்விக்கான பதில் இருக்கும். ஒரே பத்தி இரண்டு தடவை வரும். படம் அழகாக வரைந்திருக்கும், பாகங்களின் பெயர்கள் இடம் மாறியிருக்கும். படிக்காத பிள்ளையின் தாள் இப்படி இருக்காது, அது வெறுமையாக இருக்கும். இது உழைத்துப் படித்த பிள்ளையின் தாள். அதற்கு மார்க் குறைக்கும்போது எனக்கு மனசு வலிக்கிறது.

17 மணி நேரம் விழித்திருந்தாலே மூளையின் வேகமும் கவனமும், ரத்தத்தில் 0.05 சதவீதம் மது கலந்தவருடைய நிலைக்கு இறங்கிவிடுகின்றன என்று 1997-ல் ஆஸ்திரேலிய ஆய்வு ஒன்று காட்டியது. நம் நாட்டில் 0.03 சதவீதத்தைத் தாண்டினாலே வண்டி ஓட்டக்கூடாது. காலை 6 மணிக்கு எழுந்த பிள்ளைக்கு 17 மணி நேரம் முடிவது இரவு 11 மணிக்கு. எதிரணி லாபக் கணக்கைத் தொடங்குவதே அந்த நேரத்தில்தான்!

மருத்துவ மேற்படிப்பு மாணவர்களைப் பாருங்கள். தொடர்ச்சியான பணி சாதாரணமாக ஒரு நாளில் 12 மணி நேரத்தைத் தாண்டக்கூடாது என்று மத்திய அரசு 1992-லேயே சொல்லிவிட்டது. 2024-ல் தேசிய மருத்துவ ஆணையத்தின் பணிக்குழு, வாரத்துக்கு 74 மணி நேரத்துக்கு மேல் வேலை வேண்டாம், தினமும் 7 முதல் 8 மணி நேரம் தூக்கம் வேண்டும் என்று பரிந்துரைத்தது. ஆனாலும் 36 மணி நேர டியூட்டி பார்த்துவிட்டு, அப்படியே தேர்வுக்குப் படிக்க உட்காருகிற பிள்ளைகள் இன்றும் இருக்கிறார்கள். அவர்கள் கையில்தான் நாம் நோயாளியைக் கொடுக்கிறோம்.

‘எல்லோரும் முழித்திருக்கும்போது நான் மட்டும் தூங்கினால் பின்தங்கிவிடுவேனே’ என்று தம்பி கேட்டார். நியாயமான பயம். அந்தப் பயத்தை உண்டாக்கியது யார்? பிள்ளைகள் இல்லை, ஆசிரியர்களாகிய நாங்கள்தான். இன்டெர்னல், ரெக்கார்டு நோட், அசைன்மென்ட், செமினார் எல்லாவற்றையும் ஒரே வாரத்தில் கேட்கிறோம். கடைசி நேரம் இரவு 11.59 என்று போடுகிறோம். அப்புறம் வகுப்பில் கண் செருகினால் எழுப்பி நிற்கவைக்கிறோம்.

ஒரு துறையின் ஆசிரியர்கள் அரை மணி நேரம் சேர்ந்து உட்கார்ந்தால் இந்தத் தேதிகளைப் பிரித்துப் போடலாம். கடைசி நேரத்தை மாலை 5 மணி என்று மாற்றலாம். பைசா செலவில்லை. அடுத்த செமஸ்டருக்கு இதைச் செய்யச் சொல்லி எங்கள் துறையில் எழுதிக் கொடுத்திருக்கிறேன். நடுவர் அவர்களே, தீர்ப்பு எங்கள் பக்கம் வந்தால் அதையும் அந்தக் கடிதத்தோடு சேர்த்துக் கொடுப்பேன். நன்றி, வணக்கம்.