எழுபதுக்கு மேல் வேண்டாம்

(வேலைவாய்ப்பு அலுவலர் மாநாட்டில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

மாநாட்டுத் தலைவர் அவர்களே, முன்னிலை வகிக்கும் முன்னாள் நீதியரசர் அவர்களே, வரவேற்புரையைப் பத்தே நிமிடத்தில் முடித்து என் நேரத்தைக் காப்பாற்றித் தந்த செயலாளர் அவர்களே, நான் சொல்ல வைத்திருந்ததில் பாதியை என்னைவிட அழகாகச் சொல்லிவிட்டு அமர்ந்திருக்கும் பேராசிரியர் அம்மையார் அவர்களே, இடமில்லாமல் பின்னால் நிற்கும் ஒப்பந்தப் பணியாளத் தோழர்களே, அனைவருக்கும் வணக்கம். நிதித்துறையிலிருந்தும் ஒருவர் வந்திருப்பதாகச் சொன்னார்கள். அவருக்குத் தனி வணக்கம். கடைசிவரை இருந்துவிட்டுப் போக வேண்டும் என்பது என் தனி வேண்டுகோள்.

மூன்று செய்திகள் சொல்ல வந்தேன். பொருளாதார நெருக்கடி, வேலை தேடி எங்கள் முன் நிற்பவர்களின் வரிசையை என்ன செய்கிறது, அரசின் சிக்கனம் எங்கள் நாற்காலியை என்ன செய்கிறது, கணினி இரண்டையும் என்ன செய்யப் போகிறது.

ஊசி போகிற வழியைத் தேடுவான், உலக்கை போகிற வழியைப் பார்க்கமாட்டான் என்பார்கள். சிலர் சிரிக்கிறீர்கள். ஆம், நான் எப்போதும் சொல்லும் அதே பழமொழிதான். இதைவிடப் பொருத்தமானது கிடைத்தால் மாற்றிக்கொள்கிறேன்.

ஊர் நொடித்தால் மற்றத் துறைகளில் வேலை குறையும். எங்கள் துறையில்தான் பெருகும். அந்த நேரம் பார்த்துத்தான் ஆளைக் குறைக்கிறார்கள். கிரேக்கத்தில் 2008இல் 8 விழுக்காட்டை ஒட்டியிருந்த வேலையின்மை 2013இல் 27ஐத் தாண்டியது. அதே ஆண்டுகளில் அரசுப் பணிக்கு வந்த விதி என்ன தெரியுமா? ஐந்து பேர் ஓய்வு பெற்றால் ஒருவரை எடுக்கலாம். இருந்தவர்களுக்கும் போனஸாகக் கிடைத்துவந்த பதின்மூன்றாம், பதினான்காம் மாதச் சம்பளங்கள் முதலில் வெட்டப்பட்டு, பிறகு அடியோடு போயின. அயர்லாந்து 2009 மார்ச்சிலேயே அரசுத் துறைகளில் ஆளெடுப்பையும் பதவி உயர்வையும் பொதுவாக நிறுத்திவிட்டது.

எண்களை விடுங்கள். எங்கள் அலுவலகத்தில் நடந்ததைச் சொல்கிறேன். எந்த அலுவலகம் என்று கேட்காதீர்கள்.

ஒன்பது மேசைகள் இருந்தன. ஒரு சிக்கன ஆணையில் நான்காயின. மூன்றாம் மேசை நண்பரை வீட்டுக்கு அனுப்பிவிட்டு, என்னை அந்த மேசைக்கு மாற்றினார்கள். அடுத்த மாதம் ஒரு திங்கட்கிழமை. தலைநிமிரக்கூட நேரமில்லை, ஆளுக்கு ஏழு நிமிடம். "அடுத்தவர்" என்றேன். ஒருவர் வந்து உட்கார்ந்தார். படிவத்தைப் பார்த்தபடியே, "முன் அனுபவம் உண்டா?" என்று கேட்டேன். "பதினான்கு ஆண்டுகள்" என்றார். "எங்கே?" என்றேன். "நீங்கள் உட்கார்ந்திருக்கும் அதே நாற்காலியில், ஐயா" என்றார்.

நிமிர்ந்தேன். அவரேதான்! கையில் 83ஆம் எண் டோக்கன். எனக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. சரி, பதிந்துகொள்ளலாம் என்று தொழில் பட்டியலைத் திறந்தால், மரம் ஏறுபவர் முதல் மணி பழுதுபார்ப்பவர் வரை எல்லோரும் இருக்கிறார்கள்; பிறருக்கு வேலை தேடித் தருபவர் இல்லை. "இதர பணிகள் என்று போடுங்கள். அந்தப் பட்டியலில் நமக்கும் இடம் வேண்டும் என்று நான்தான் மூன்று முறை எழுதிக் கேட்டேன்" என்றார் அவரே.

கதை அதோடு முடியவில்லை. வெளியே போனவர் வீட்டுக்குப் போகவில்லை. வாசல் பெஞ்சில் உட்கார்ந்து, எழுதத் தெரியாத ஒரு மூதாட்டிக்குப் படிவம் நிரப்பிக் கொடுத்தார். பிறகு இன்னொருவருக்கு. நண்பகலில் பார்த்தால் என் முன்னால் மூன்று பேர், அவர் முன்னால் முப்பது பேர்! மேலாளர் பாய்ந்து வந்தார். திட்டப் போகிறார் என்று நினைத்தோம். குனிந்து, "நாளைக்கும் வருவீர்களா?" என்று கேட்டார். சம்பளம்? அதற்கு ஒதுக்கீடு இல்லையாம்.

(கைதட்டல்)

கைதட்டாதீர்கள், இது வெட்கப்பட வேண்டிய கதை. 1948இல் சான் பிரான்சிஸ்கோவில் கூடிய சர்வதேசத் தொழிலாளர் மாநாடு ஏற்ற 88ஆம் உடன்படிக்கை, வேலைவாய்ப்புச் சேவையில் இருப்பவர்கள் பொது ஊழியர்களாக, ஆட்சி மாற்றங்களால் பாதிக்கப்படாதவர்களாக, பணி நிலைப்பு உள்ளவர்களாக இருக்க வேண்டும் என்கிறது. சேவையின் தேவைக்கு உட்பட்டு என்ற வால் ஒன்று உண்டு. நெருக்கடியில் தேவை கூடுகிறதா, குறைகிறதா? நிதித்துறை நண்பரிடமே விட்டுவிடுகிறேன்.

உலக்கைக்கு வருகிறேன். அலுவலர் சம்பளம் ஊசி. ஒருவர் வேலையில்லாமல் கழிக்கும் ஒவ்வொரு கூடுதல் மாதத்துக்கும் அரசு தரும் உதவித்தொகைதான் உலக்கை. ஜெர்மனியில் 2007 முதல் 14 அலுவலகங்களில் கூடுதல் ஆட்களை அமர்த்தி, ஓர் அலுவலருக்கு வேலை தேடுபவர்கள் ஏறத்தாழ 70 பேர் என்று ஆக்கிப் பார்த்தார்கள். மக்கள் வேலையின்றி இருக்கும் காலம் குறைந்தது. உதவித்தொகையில் மிச்சமானது, கூடுதல் சம்பளச் செலவை ஈடுகட்டிவிட்டது.

கணினியைப் பற்றி நிறையச் சொல்ல வேண்டும். போலந்து 2014இல் வேலையற்றவர்களை மூன்று வகையாகப் பிரிக்கும் வேலையைக் கணினியிடம் கொடுத்துவிட்டு, 2019இல் கைவிட்டது. ஆனால் தலைவர் மணியை அடித்துவிட்டார். மூன்றாவது செய்தி இன்னொரு மேடைக்கு.

மாலையில் வரும் தீர்மானத்தின் வரைவைப் படித்தேன். ஓர் அலுவலரிடம் "நியாயமான எண்ணிக்கையில்" ஆட்கள் இருக்க வேண்டும் என்று எழுதியிருக்கிறார்கள். நியாயம் எவ்வளவு என்று நிதித்துறை கேட்கும். நாம் பத்து ஆண்டுகள் விளக்கிக்கொண்டிருப்போம். அந்தச் சொல்லை அடித்துவிட்டு, "70 பேருக்கு மேற்படாமல்" என்று எழுத வேண்டும் எனத் திருத்தம் கொண்டுவருகிறேன். வழிமொழிபவர் கை தூக்கலாம்.