பெட்டியை எப்போது உடைப்பது?

வணக்கம். கோயம்புத்தூர்ப் பக்கம் பவுண்டரிகளிலேயே, அதாவது இரும்பை உருக்கி வார்க்கும் பட்டறைகளிலேயே, காலம் கழித்தவன் நான், அதனால் பேச்சில் மணலும் புகையும் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஒரு பவுண்டரி, பேர் வேண்டாம். ஆறு ஆரம், அதாவது நடுவிலிருந்து விளிம்புக்குப் போகும் ஆறு கை, வைத்த பெரிய புல்லி ஒன்று வார்த்தோம். ஆர்டர் அவசரம் என்று, உள்ளே சிவப்பு மாறுவதற்கு முன்பே பெட்டியை, அதாவது மணல் அச்சு இருக்கும் சட்டத்தை, உடைத்து வார்ப்பைத் தரையில் போட்டுவிட்டு வீட்டுக்குப் போய்விட்டோம். ராத்திரி வாட்ச்மேனுக்கு வெடிச்சத்தம் கேட்டிருக்கிறது. காலையில் பார்த்தால் ஓர் ஆரம் குறுக்கே விண்டு கிடக்கிறது. யாரும் தொடவில்லை, ஒரு கிலோ சுமைகூட அதன்மேல் இல்லை.

விளிம்பு மெல்லிசு, ஆரம் தடிமன். மெல்லிசானது முதலில் ஆறி விறைத்துக்கொள்ளும், தடிமன் அப்புறம் ஆறிச் சுருங்கப் பார்க்கும்போது விளிம்பு விட்டுக்கொடுக்காது, ஆகவே ஆரம் இழுபட்டபடியே குளிர்ந்து நிற்கும். பழைய பெல்ட் புல்லிகளில் ஆரங்கள் வளைந்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அழகுக்கு என்றுதான் நானும் நினைத்திருந்தேன். வளைவு கொஞ்சம் நிமிர்ந்து கொடுக்கும், அதற்காகத்தான்.

சுருக்கம் எவ்வளவு என்பது மணலில் அச்சுப் பதிக்கும் மாதிரியைச் செய்கிற பேட்டர்ன்காரருக்குத் தெரியும். கிரே அயர்னுக்கு, அதாவது சாதாரண வார்ப்பிரும்புக்கு, மீட்டருக்கு ஏறக்குறைய 10 மில்லிமீட்டர், எஃகுக்கு 20. அவருடைய அளவுகோலே அந்தக் கணக்குக்கு நீட்டிச் செய்ததுதான். ஆனால் உள்ளே எவ்வளவு இழுவிசை மிச்சம் நிற்கிறது என்பதை எந்த அளவுகோலும் சொல்லாது.

அதற்கு ஒரு பழைய வழி உண்டு, எனக்கு ரொம்பப் பிடித்தது. ஜன்னல் சட்டம் மாதிரி மூன்று கம்பி வைத்து வாருங்கள், பக்கத்துக் கம்பிகள் மெல்லிசு, நடுக்கம்பி தடிமன். ஆறியதும் நடுக்கம்பியில் இரண்டு பஞ்ச் குறி போட்டு, இடைவெளியை அளந்துவிட்டு, நடுவில் ரம்பத்தால் அறுங்கள். பாதி தாண்டியதும் பல சமயம் டக்கென்று தானே முறிந்துவிடும்! மறுபடி அளந்தால் குறிகள் விலகியிருக்கும். பக்கக் கம்பிகள் நீண்டதைக் கழித்தபிறகு, 200 மில்லிமீட்டர் நடுக்கம்பி 0.1 மில்லிமீட்டர் சுருங்கியிருந்தால், இரும்பின் விறைப்பை ஒரு லட்சம் மெகாபாஸ்கல் என்று வைத்துக் கணக்குப் போடுங்கள், 50 மெகாபாஸ்கல் வரும். எஃப்ஜி 200 என்ற வார்ப்பிரும்பு ரகம் முறியாமல் தாங்கும் இழுவிசையே 200 மெகாபாஸ்கல்தான். வேலைக்குப் போகும் முன்பே கால்வாசி பலம் செலவாகிவிட்டது என்று அர்த்தம்.

ஆறும்போதே அளக்கவும் முடியும். வார்ப்பின் நுனியில் குவார்ட்ஸ் குச்சி பதித்து, வெளியே ஒரு நகர்வு உணர்கருவியோடு இணைப்பார்கள், பக்கத்தில் சூட்டை அளக்கத் தெர்மோகப்பிள். குவார்ட்ஸ் சூட்டில் நீளுவது மிகக் கொஞ்சம், அதனால் அளவு கெடாது. அந்த வரைகோடு நேராக இறங்காது. உறையும்போது கிராபைட் பிரிவதால் இரும்பு கொஞ்சம் விரியும், அப்புறம் சுருங்கும், 700 டிகிரி சொச்சத்தில் உள்ளமைப்பு மாறுவதால் மறுபடி தயங்கும். அதற்கு முன்னாலேயே பெட்டியை உடைத்துக் காற்றில் போட்டால் மெல்லிசும் தடிமனும் ஆளுக்கொரு வேகத்தில் ஆறும், சிக்கலே அங்குதான். பிறகு 550 டிகிரி வாக்கில் சூடேற்றி, உலையிலேயே மெதுவாக ஆறவிட்டு இழுவிசையைக் குறைக்கலாம், கரண்ட் பில்லும் அதற்கேற்ப வரும்.

அடுத்த முறை அதே புல்லியை மறுநாள் மதியம்வரை மணலிலேயே விட்டோம். விரிசல் இல்லை. பெட்டி போதவில்லை என்று முதலாளி மட்டும் ஒரு வாரம் முனகிக்கொண்டிருந்தார்.