ஒரு கல்லைக்கூடத் தோண்டாமல் ஒரு பேரரசைக் கண்டுபிடித்த கதை!

வணக்கம் நண்பர்களே! கடல் கடந்த ஸ்ரீவிஜயம் என்ற ஒரு பேரரசின் பெயரே வரலாற்றில் தொலைந்து கிடந்தது. அதை மீட்டவர் மண்வெட்டியைத் தொடவில்லை. ஏற்கெனவே அச்சில் இருந்ததைத் திரும்பப் படித்தார்.

பின்னணியை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். சுமத்ராவுக்குப் பக்கத்தில் பங்கா தீவு. அங்கே கோத்தா கபூரில் 1892இல் ஒரு கல்வெட்டு கிடைத்தது. காலம் கி.பி. 686, மொழி பழைய மலாய். நெதர்லாந்து அறிஞர் கெர்ன் 1913இல் அதை வெளியிட்டபோது, அதில் வரும் 'ஸ்ரீவிஜய' என்பதை அரசனின் பெயர் என்று எடுத்துக்கொண்டார். பெரிய படிப்பாளிதான். பிள்ளைக்கு விஜயன் என்று பெயர் வைக்கிற நமக்கும் முதலில் அப்படித்தானே தோன்றும்?

1918இல் பிரெஞ்சு அறிஞர் ஜார்ஜ் செடேஸ் அதே வரிகளை மறுபடி எடுத்தார். இந்தத் தடவை மற்ற ஆவணங்களோடு சேர்த்துப் படித்தார். வரலாறு எழுதுகிறவர்களுக்குப் பாதி வேலை இதுதான், பொறுமையைச் சோதிக்கிற வேலை.

(திரையில்: ஆனைமங்கலம் செப்பேடு)

நாகப்பட்டினத்தில் இருந்த சூடாமணி விகாரம் என்ற பௌத்த மடத்துக்கு ராஜராஜ சோழன் ஆனைமங்கலம் என்ற ஊரைக் கொடுத்ததைச் சொல்லும் செப்பேடு இது. கடாரத்து (இன்றைய மலேசியாவின் கெடா) அரசனை இதன் வடமொழிப் பகுதி 'ஸ்ரீவிஷயாதிபதி' என்கிறது. இந்தச் சொல்லை நிதானமாகப் பிரித்துப் பாருங்கள். ஸ்ரீவிஷய, அதிபதி. நாட்டுக்கு அதிபதி இருக்கலாம், ஓர் ஆளின் பெயருக்கு எப்படி அதிபதி இருக்க முடியும்? அப்படியென்றால் அது நாட்டின் பெயர்!

சரி, இங்கே 'விஷய', அங்கே 'விஜய'. இடிக்கிறதே? தமிழ் எழுத்தில் எழுதிப் பாருங்கள். இரண்டுமே 'விசயம்'! எனக்கு இந்த இடம் அவ்வளவு பிடிக்கும்.

அப்புறம் ராஜேந்திர சோழனின் மெய்க்கீர்த்தி, அதாவது கல்வெட்டில் அரசனின் வெற்றிகளைப் புகழ்ந்து பாடும் பகுதி. 1025 வாக்கில் நடந்த கடற்படையெடுப்பைச் சொல்லும் வரி இது:

"நிறைசீர் விசயமும் துறைநீர்ப் பண்ணையும்."

'நிறைந்த சீருடைய விசயம்' என்று படித்துவிட்டுப் போய்விடலாம். பக்கத்திலேயே 'துறைநீர்ப் பண்ணை' என்று அடைமொழியோடு ஓர் ஊர் வருகிறது, அதனால் அப்படிப் படிப்பதுதான் இயல்பு. ஆனால் ஒரு நொடி நில்லுங்கள். 'சீர்' என்பது 'ஸ்ரீ' என்றால்? நிறை, சீர்விசயம். ஸ்ரீவிஜயம்! அடைமொழிக்குள்ளேயே பெயரைப் பொதிந்து வைத்திருக்கிறார் புலவர் என்றுதான் நான் நினைக்கிறேன்.

சீனத் துறவி யிஜிங் 671இல் இந்தியாவுக்குப் புறப்பட்டு, வழியில் ஆறு மாதம் தங்கி வடமொழி இலக்கணம் படித்த 'ஷி-லி-ஃபோ-ஷி'யும் இதே ஸ்ரீவிஜயம்தான். அதுவரை அதை 'ஸ்ரீபோஜம்' என்று படித்துக்கொண்டிருந்தார்கள்.

இந்த மெய்க்கீர்த்தி தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டில் இருக்கிறது. அந்தப் பக்கம் போனால் வரியைத் தேடிப் பிடித்து, மெதுவாக இரண்டு தடவை படியுங்கள். நிறைசீர் விசயமா, நிறை சீர்விசயமா? உங்கள் காதுக்கு எது விழுகிறது என்று கமெண்டில் எழுதுங்கள்.