ஐம்பது ரூபாய் அபராதத்தை வைத்துக்கொண்டு எந்தக் குதிரையைக் காப்பாற்றுவது?

நடுவர் அவர்களே, குன்னூர் மக்களே, வணக்கம். மலையில் விலங்குகளைக் காப்பது ஊராரின் கருணையா, கடுமையான சட்டமா என்பது தலைப்பு. நான் சட்டத்தின் பக்கம்.

எதிரணி அக்கா நல்லா பேசினாங்க. ஊட்டியில் பல காலமாக இயங்கும் விலங்கு வதைத் தடுப்புச் சங்கம், மசினகுடி பக்கம் மாவனல்லாவில் கழுதைக்கும் நாய்க்கும் அடைக்கலம் தரும் காப்பகம், தெருத்தெருவாகப் போய் நாய்களுக்கு வெறிநோய்த் தடுப்பூசி போடும் பிள்ளைகள் என்று எல்லாரையும் சொன்னாங்க, அதில் ஒன்றையும் நான் மறுக்கப் போவதில்லை. என் கேள்வி வேறு. அதே பிள்ளைகள் ஒரு புகாரோடு ஸ்டேஷன் வாசலில் போய் நின்றால் சட்டம் அவர்கள் கையில் என்ன கொடுக்கிறது?

மே மாத சீசனில் ஊட்டி படகு இல்லம் பக்கம் போய்ப் பாருங்கள். எல்லாக் குதிரையும் அப்படி என்று சொல்லவில்லை, ஆனால் சில குதிரைகளின் சேணத்துக்கு அடியில் கிடக்கும் துணியைக் கொஞ்சம் தூக்கினால் தெரியும். தோல் உரிந்து, சிவந்து, ஈ மொய்க்கும் புண். அதன் மேலேயே மறுபடி துணியைப் போட்டு, வாரை இறுக்கி, அடுத்த குழந்தையை ஏற்றுகிறார்கள். இருட்டினதும் அவிழ்த்து விட்டால் அது நேராகக் குப்பைத்தொட்டிக்குப் போய் காய்கறிக் கழிவோடு பிளாஸ்டிக் பையையும் சேர்த்து மெல்லும். இதற்கு 1960ஆம் வருட விலங்கு வதைத் தடுப்புச் சட்டம், 11ஆம் பிரிவு, முதல் தடவைக்கு விதிக்கும் அபராதம் பத்து ரூபாயிலிருந்து ஐம்பது ரூபாய் வரை. சீசனில் ஒரு சவாரிக்கே அதைவிட அதிகம் வாங்குகிறார்கள். அதோடு, அடித்தான், பட்டினி போட்டான் என்பதற்கெல்லாம் போலீஸ் வாரண்ட் இல்லாமல் கைது செய்ய முடியாது. சம்பவம் நடந்து மூன்று மாதம் தாண்டினால் வழக்கே போட முடியாது. அறுபது வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது, அந்த ஐம்பது ரூபாய் அப்படியே இருக்கிறது. தண்டனையைக் கூட்டுங்கள் என்று உச்ச நீதிமன்றமே 2014ல், ஜல்லிக்கட்டு வழக்கின் தீர்ப்பில், நாடாளுமன்றத்துக்குச் சொன்னது. 2022ல் மத்திய அரசு ஒரு திருத்த வரைவை வெளியிட்டது, கொடூர வதைக்குச் சிறைத் தண்டனை உண்டு என்று. வரைவு வந்ததே தவிர, சட்டம் வரவில்லை.

சரி, சட்டம் பல்லோடு இருந்தால் என்ன நடக்கும்? அதையும் நம்ம மாவட்டத்திலேயே பார்த்தோம். 2021 ஜனவரியில், முதுகில் ஏற்கெனவே காயத்தோடு திரிந்த ஒரு யானையின் மேல் மசினகுடியில் எரியும் டயரை எறிந்தார்கள், காதில் தீயோடு அது இருட்டுக்குள் ஓடியது. சிகிச்சைக்காகத் தெப்பக்காடு யானைகள் முகாமுக்குக் கொண்டுபோகும் வழியிலேயே செத்துப்போனது. வீடியோ வெளியே வந்ததும் ஆட்கள் கைதானார்கள், அது நடந்த விடுதிக்கு சீல் வைத்தார்கள். வீடியோ வெளியே வந்தது மக்களால்தான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் வீடியோவைப் பார்த்த அதிகாரி கையில் 1972ஆம் வருட வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இருந்தது. அந்த யானை இருந்த இடத்தில் ஒரு மட்டக்குதிரையோ தெருநாயோ இருந்து, சாகாமல் பிழைத்தும் இருந்தால்?

பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் 325ஆம் பிரிவு இருக்கிறதே, ஐந்து வருடம் வரை சிறை உண்டே என்று எதிரணித் தம்பி கேட்டார். உண்டு தம்பி. கொன்றால், விஷம் வைத்தால், ஊனமாக்கினால் உண்டு. தீனிக்குள் ஒளித்து வைக்கும் நாட்டு வெடியான அவுட்டுக்காயைக் கடித்து வாய் சிதறின மாட்டுக்கு அது பொருந்தலாம். புண்ணோடு தினமும் சுமக்கிற குதிரைக்கு? அதற்கு மறுபடியும் அந்த ஐம்பது ரூபாய்தான்.

அப்புறம், குதிரைக்காரர் ஏழை, அவர் வயிற்றில் அடிக்கலாமா என்று ஒரு கேள்வி. இது நியாயமான கேள்வி, இதைத் தள்ளிவிட்டுப் போக எனக்கு மனசு வரவில்லை. அதே படகு இல்லத்தில் மத்தியானம் குதிரையை நிழலில் கட்டி, தண்ணி காட்டி, புண் வந்தால் ஆறும்வரை சவாரிக்கு விடாமல் வைத்திருக்கிற குதிரைக்காரரும் இருக்கிறார். அவரும் ஏழைதான். அவர் ஓய்வு கொடுக்கிற அந்த நேரத்தில் பக்கத்துக் குதிரைக்காரர் புண்ணை மூடி நாலு சவாரி கூடுதலாக ஓட்டி, அவர் வாடிக்கையையும் சேர்த்து எடுத்துக்கொள்கிறார். இன்றைய சட்டம் இதில் யாருக்குத் துணை நிற்கிறது என்பதை நடுவர் அவர்களே சொல்லட்டும்.