புகழ்ந்து சுடுவதே வலிது

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். ஊர்க்குறையைச் சுட்டிக்காட்ட வலுவானது நேரடிக் கேலியா, வஞ்சப்புகழ்ச்சியா என்று கேட்டிருக்கிறீர்கள். வஞ்சப்புகழ்ச்சியே என்று சொல்ல வந்திருக்கிறேன்.

எனக்கு முன்னால் பேசிய எதிரணி நண்பர், "முகத்துக்கு நேரே கேலி செய்தால்தான் உறைக்கும், சுற்றி வளைத்தால் பாமரருக்குப் புரியாது" என்றார். "எள்ளல் இளமை பேதைமை மடன்" என்று சிரிப்பு பிறக்கும் இடங்கள் நான்கைச் சொன்ன தொல்காப்பியரே எள்ளலைத்தானே முதலில் வைத்தார் என்றும் கேட்டார். சரி, வைத்தார். ஆனால் எள்ளல் என்றால் வாய்க்கு வந்தபடி ஏசுவதா?

ஔவையாரைப் பாருங்கள். அதியமானுக்காகத் தொண்டைமானிடம் தூது போயிருக்கிறார். எதிரியின் அரண்மனை. சுற்றிலும் படைக்கலங்கள், மயிற்பீலி அணிந்து, மாலை சூட்டி, நெய் பூசிப் பளபளக்கின்றன. அங்கே நின்று திட்ட முடியுமா? ஔவை புகழ்கிறார். இவையோ காவல் மிகுந்த மாளிகையில் அழகாக இருக்கின்றன. எங்கள் தலைவனின் வேல்களோ பகைவரைக் குத்தி நுனி சிதைந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன. இதுதான் புறநானூற்றின் 95ஆம் பாட்டு. உன் வேல் போர்க்களமே பார்க்கவில்லை என்று அவர் சொல்லவே இல்லை. தொண்டைமான்தான் அதைத் தனக்குள் சொல்லிக்கொள்ள வேண்டும்.

என் கட்சியின் உயிர் அங்கேதான் இருக்கிறது, நடுவர் அவர்களே. கேலி செய்கிறவர் தீர்ப்பையும் தானே சொல்லிவிடுகிறார்; கேட்பவர் உடனே சண்டைக்கு வருகிறார். வஞ்சப்புகழ்ச்சி பாதியில் நின்றுவிடும். மீதியைக் கேட்பவர் மனசு முடிக்கும். தன் மனசோடு அவர் எப்படிச் சண்டை போடுவார்? "தேவர் அனையர் கயவர்" என்கிறார் வள்ளுவர். அடடா, தேவரா என்று நிமிர்ந்தால், கேட்பாரின்றி இஷ்டத்துக்கு நடப்பதால் அப்படி என்று அடுத்த அடியில் முடிக்கிறார்.

இன்னொன்று, எனக்கு மிகவும் வலிக்கிற விஷயம். நேரடிக் கேலி பெரும்பாலும் யார் தலையில் விழுகிறது? கறுப்பாக இருப்பவர், குண்டாக இருப்பவர், திக்கிப் பேசுபவர். எத்தனை சினிமா காமெடி இவர்களை வைத்தே ஓடியிருக்கிறது! அந்த வசனத்தைப் பள்ளிக்கூடத்தில் ஒரு குழந்தைக்குப் பட்டப்பெயராக வைத்துவிடுகிறார்கள். வஞ்சப்புகழ்ச்சியால் அந்தக் குழந்தையைத் தொட முடியாது. செய்ய வேண்டிய வேலையைச் செய்யாதவரைத்தான், செய்து முடித்ததாகப் புகழ முடியும். அது தானாகவே பதவியில் இருப்பவரைத் தேடிப் போகும்.

1987இல் அட்டைப்பட ஜோக் ஒன்றுக்காக ஆனந்த விகடன் ஆசிரியர் பாலசுப்பிரமணியனுக்குச் சட்டமன்றம் 3 மாதக் கடுங்காவல் விதித்ததை எதிரணி நினைவூட்டியது. அந்தத் துணிச்சலுக்குத் தலைவணங்குகிறேன். ஆனால் அவருக்குப் பின்னால் ஒரு பத்திரிகை இருந்தது, லட்சக்கணக்கில் வாசகர்கள் இருந்தார்கள். மனு எழுதி எழுதிக் கை ஓய்ந்த ஒரு தெருவாசிக்குப் பின்னால் யார் இருக்கிறார்கள்? குண்டும் குழியுமான சாலையில் இறங்கிப் பெண்கள் நாற்று நடுகிறார்களே, ஏன்? நல்ல வயல் அமைத்துக் கொடுத்தீர்கள் என்று சொல்லாமல் சொல்கிறார்கள்.

பாமரருக்குப் புரியாது என்றாரே, அதற்கு வருகிறேன். எங்கள் தெருவில் குழாய் பதிக்கத் தோண்டிய பள்ளத்தை மூடவே இல்லை. மூன்று மனு கொடுத்தோம். ஐப்பசி மழையில் பள்ளம் நிரம்பிவிட்டது. பையன்கள் நாலு பேர் அதன் ஓரத்தில் இரண்டு மூங்கிலை நட்டு ஒரு பேனர் கட்டினார்கள்: "எங்கள் தெருவுக்கு நீச்சல்குளம் அமைத்துத் தந்தமைக்கு மனமார்ந்த நன்றி." அதற்குச் சாமந்தி மாலையும் போட்டார்கள்.

விடிகாலையில் பால் ஊற்றும் பாட்டி வந்தார். எழுத்துக்கூட்டக்கூடத் தெரியாதவர். "என்னடா எழுதியிருக்கு?" என்று கேட்டார். ஒரு பையன் வாசித்துக் காட்டினான். பாட்டி கேனைக் கீழே வைத்தார், வாய்விட்டுச் சிரித்தார். அப்புறம் புடவையைக் கொஞ்சம் தூக்கி முழங்காலில் இருந்த கட்டைக் காட்டினார்.

"ஆமாண்டா, போன வாரம் இருட்டுல முதல்ல குளிச்சது நான்தான். என் பேரையும் அதுல எழுது."

நன்றி, வணக்கம்.