நாலு கிலோமீட்டர் மைலேஜ் மோசமா?

வணக்கம் மக்களே! நாமக்கல் பைபாஸில், லாரிகள் நிறுத்தும் இடத்தில் இருக்கிறேன். பின்னால் ஹாரன் சத்தம் கேட்டுக்கொண்டேதான் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இந்தப் பன்னிரண்டு சக்கர வண்டி லோடோடு போனால் லிட்டருக்கு நாலு கிலோமீட்டர் தரும். கேட்டதும் 'அவ்வளவுதானா?' என்று தோன்றும். ஆனால் மேலே 24 டன் சரக்கு இருக்கிறது. நாலையும் 24-ஐயும் பெருக்கினால் 96. அதாவது ஒரு லிட்டரில் ஒரு டன்னை 96 கிலோமீட்டர் கொண்டுபோன கணக்கு. குட்டி யானை என்கிற சின்ன சரக்கு வண்டி இருபது தந்தாலும் முக்கால் டன்தான் ஏற்றும். அதன் கணக்கு வெறும் 15.

சரி, கேமராவைத் திருப்புகிறேன். பக்கத்து வண்டியில் ஒரு ஜோடிச் சக்கரம் மட்டும் தரையைத் தொடாமல் தொங்குகிறது, தெரிகிறதா? அது லிஃப்ட் ஆக்சில். லோடு இல்லாதபோது டயர் தேயாமலிருக்க மேலே தூக்கிவிடுவார்கள். ரோட்டில் இப்படிப் போகிற வண்டியைப் பார்த்தால் எம்ட்டியாகப் போகிறது என்று அர்த்தம். எம்ட்டியாகப் போனால் ஆறு கிடைக்கும் என்று வையுங்கள். 300 கிலோமீட்டர் லோடோடு போக 75 லிட்டர், காலியாகத் திரும்ப 50 லிட்டர். இப்போது கணக்குப் போட்டால் 96 என்பது 58-க்கும் கீழே வந்துவிடும். என்னைக் கேட்டால், புது இன்ஜின் தரும் லாபத்தைவிட ஒரு ரிட்டர்ன் லோடு தரும் லாபம் பெரிது. புக்கிங் ஆபீஸில் டிரைவர்கள் நாள்கணக்கில் காத்துக் கிடப்பது சும்மா இல்லை.

ஆட்களை ஏற்றும் வண்டிக்கும் இதே கணக்குதான். நாலு தரும் பஸ்ஸில் ஐம்பது பேர் இருந்தால் 200. பத்தே பேர் என்றால் 40, தனியாகப் பைக்கில் போகிறவரே ஜெயித்துவிடுவார்! காரில் ஒற்றை ஆளாகப் போனால் பதினைந்துதான். இதில் வேடிக்கை, இன்ஜின் வருஷா வருஷம் சிக்கனமாகிறது, வண்டியோ எடை கூடிக்கொண்டே போகிறது. இன்று இந்தியாவில் விற்கும் புதுக் கார்களில் பாதிக்கு மேல் எஸ்யூவிதான்.

'எல்லாவற்றையும் ரயிலில் அனுப்பலாமே' என்பீர்கள். இரும்புத் தண்டவாளத்தில் இரும்புச் சக்கரம், உராய்வு குறைவு, டன்னுக்கு ஆகும் செலவும் குறைவு. 1925-இல் பம்பாயில் முதல் மின்சார ரயில் ஓடியது. இன்று நாட்டின் அகல ரயில் பாதையில் 95 சதவீதத்துக்கு மேல் மின்மயம். புது வகை மின்சார இன்ஜின்கள் பிரேக் பிடிக்கும்போது மின்சாரத்தைக் கம்பிக்கே திருப்பிக் கொடுக்கின்றன. ஆனால் பயணிகள் ரயிலுக்கு வழிவிட்டு நின்று நின்று, சரக்கு ரயிலின் சராசரி வேகம் மணிக்கு 25 கிலோமீட்டர் அளவில்தான் இருக்கிறது. அப்புறம் ஸ்டேஷனிலிருந்து குடோனுக்கு மறுபடியும் லாரி, மறுபடியும் ஏற்றுக்கூலி, இறக்குக்கூலி. சரக்குக்கென்றே தனிப் பாதை வடக்கிலும் மேற்கிலும் வந்துவிட்டது, தெற்கே இன்னும் வரவில்லை.

லாரி வைத்திருப்பவர்கள் யாராவது பார்த்துக்கொண்டிருந்தால், மாசத்துக்கு எத்தனை கிலோமீட்டர் எம்ட்டியாக ஓட்டுகிறீர்கள் என்று கீழே எழுதுங்கள். அடுத்த வீடியோவில் அதையும் கணக்குப் போட்டுப் பார்ப்போம்.