இ-இன்வாய்ஸ் இணைப்பு அப்டேட்: ‘மாறியவை’ பகுதியை முதலில் படியுங்கள்

(திரையில்: கோலாலம்பூர் வரைபடம். மஸ்ஜித் இந்தியா, பிரிக்பீல்ட்ஸ், செந்தூல் மூன்றும் ஒளிர்கின்றன.)

வணக்கம். மஸ்ஜித் இந்தியாவில் ஒரு ஜவுளிக்கடை, பிரிக்பீல்ட்ஸில் ஒரு வாழையிலைச் சாப்பாட்டுக் கடை, செந்தூலில் மளிகை மொத்த வியாபாரம். மூன்று இடத்திலும் கல்லாவுக்குப் பின்னால் நடப்பது ஒரே வேலைதான். கடையில் போடும் பில் கிளவுட் கணக்கு மென்பொருளுக்குப் போகிறது. அங்கிருந்து இ-இன்வாய்ஸாக, அதாவது மின்னணு பில்லாக, மலேசிய வருமான வரி வாரியத்தின் மைஇன்வோய்ஸ் தளத்துக்குப் போகிறது.

2024 ஆகஸ்ட் 1 அன்று, ஆண்டு விற்பனை 100 மில்லியன் ரிங்கிட்டைத் தாண்டிய நிறுவனங்களோடு இது தொடங்கியது. படிப்படியாக இறங்கி, 2026 ஜனவரி 1 முதல் 1 மில்லியனுக்கும் 5 மில்லியனுக்கும் இடைப்பட்ட வியாபாரங்களுக்கும் வந்துவிட்டது. ஆக, இப்போது நம் கடைத்தெருக்களின் விஷயம்.

மென்பொருள் அப்டேட் வரும்போது கூடவே ஒரு குறிப்பும் வரும். மேலே, படங்களோடு, புதிய வசதிகள். கீழே, பொடி எழுத்தில், மாறியவை. புதிய வசதியை நீங்கள் தொடாதவரை அதனால் ஒன்றும் ஆகாது. மாறியது அப்படியல்ல, உங்களைக் கேட்காமலே நாளைக் காலை முதல் பில்லில் வேலை செய்ய ஆரம்பித்துவிடும். அதனால் அந்தக் குறிப்பைக் கீழிருந்து படியுங்கள்.

(திரையில்: ஒரே பில்லின் நிலை, மூன்று கட்டங்களாக.)

அதில் முதலில் தேட வேண்டியது, பில்லின் நிலையை மென்பொருள் எப்படிக் காட்டுகிறது என்பது. பில் போய்ச் சேர்ந்ததும் மைஇன்வோய்ஸ் ஓர் அடையாள எண்ணைத் திருப்பி அனுப்பும். பலர் இதைப் பார்த்ததும் வேலை முடிந்தது என்று நினைத்துவிடுகிறார்கள். உண்மையில் அப்போது பில் வரிசையில் நிற்கிறது, அவ்வளவுதான். சரிபார்ப்பு அதற்குப் பிறகுதான் நடக்கும். முடிவு ‘செல்லும்’ என்றும் வரலாம், ‘செல்லாது’ என்றும் வரலாம். மென்பொருள் மறுபடி போய்க் கேட்டால்தான் அது தெரியும்.

க்யூஆர் குறியீட்டுக்குத் தேவையான நீண்ட எண், செல்லும் என்று முடிவான பில்லுக்கு மட்டுமே கிடைக்கும். அப்டேட்டுக்குப் பிறகு உங்கள் மென்பொருள் அந்த முடிவுக்குக் காத்திருக்காமல் பச்சை நிறம் காட்டினால், செல்லாத பில்கள் யார் கண்ணிலும் படாமல் குவியும். பச்சை நிறம் எந்தக் கட்டத்தில் வருகிறது என்று மென்பொருள் நிறுவனத்திடம் நேராகக் கேளுங்கள். வேறெதையும் கேட்காவிட்டாலும் இதைக் கேட்டுவிடுங்கள்.

சரிபார்ப்பு முடிந்ததிலிருந்து 72 மணி நேரத்துக்குள் பில்லை ரத்து செய்யலாம். அதைத் தாண்டினால் கிரெடிட் நோட் (பில் தொகையைக் குறைக்கும் திருத்த ஆவணம்) போன்றவற்றால்தான் சரிசெய்ய முடியும். தவறு எவ்வளவு சீக்கிரம் கண்ணில் படுகிறதோ, அவ்வளவுக்கு வேலை மிச்சம்.

அடுத்தது நேரம். மைஇன்வோய்ஸ் கேட்பது மலேசிய நேரம் இல்லை, யுடிசி எனும் உலகப் பொது நேரம். நாம் அதைவிட 8 மணி நேரம் முன்னால் இருக்கிறோம்.

(திரையில்: இரண்டு கடிகாரங்கள்.)

பிரிக்பீல்ட்ஸ் கடையில் மார்ச் 1, காலை 6:40-க்கு ஒருவர் இட்லியும் தே தாரிக்கும் வாங்குகிறார். யுடிசி கணக்கில் அது பிப்ரவரி 28, இரவு 10:40. அப்டேட்டில் தேதி கணக்கிடும் முறை மாறி, அறிக்கை யுடிசி தேதியைப் பார்க்க ஆரம்பித்தால், மார்ச் காலை வியாபாரம் பிப்ரவரியின் மொத்த இ-இன்வாய்ஸில், அதாவது தனி இ-இன்வாய்ஸ் கேட்காதவர்களின் பில்களை ஒன்றாகச் சேர்த்து அனுப்புவதில், போய் உட்கார்ந்துவிடும். அந்த மாதாந்திர மொத்த இன்வாய்ஸை மாதம் முடிந்து 7 நாளுக்குள் அனுப்ப வேண்டும் என்பதால், ஆற அமர உட்கார்ந்து தேட நேரமும் இருக்காது. ஒவ்வொரு அப்டேட்டுக்குப் பிறகும், மாதத்தின் முதல் நாள் காலை 8 மணிக்கு முன் போட்ட பில் ஒன்றை எடுத்து, அது எந்த மாதத்தில் விழுந்திருக்கிறது என்று பாருங்கள்.

டிஜிட்டல் கையொப்பத்தைப் பற்றி ஒரு வார்த்தை. இ-இன்வாய்ஸ் ஆவணத்தின் 1.0 பதிப்பில் கையொப்பம் சரிபார்க்கப்படுவதில்லை, 1.1 பதிப்பில் சரிபார்க்கப்படும். அப்டேட் உங்களை 1.1-க்கு மாற்றுகிறது என்றால், கையொப்பச் சான்றிதழ் உங்கள் பெயரிலா, மென்பொருள் நிறுவனத்தின் பெயரிலா, எந்தத் தேதியில் காலாவதியாகிறது என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

இனி ஜவுளிக்கடை. ஒரு கல்யாண வீட்டுக்காரர் பட்டுப்புடவைகளை மொத்தமாக எடுக்கிறார், பில் 12,400 ரிங்கிட். 10,000 ரிங்கிட்டைத் தாண்டும் ஒற்றை விற்பனையை மாதாந்திர மொத்தத்தில் சேர்க்கக் கூடாது, தனி இ-இன்வாய்ஸ் வேண்டும் என்ற விதி 2026 ஜனவரி 1 தேதியிட்டு வந்தது. விதிகள் தளர்த்தப்பட்ட தொடக்கச் சலுகைக் காலத்தில் இருப்பவர்கள் தங்களுக்கு இது எப்படிப் பொருந்தும் என்று கணக்காளரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். மென்பொருள் அந்தத் தொகையில் காசாளரை நிறுத்தி வாங்குபவரின் விவரம் கேட்கிறதா? கேட்க வேண்டும். வாடிக்கையாளர் பையைத் தூக்கிக்கொண்டு போன பிறகு அவரை எங்கே போய்த் தேடுவது?

புதிய வசதிகளில் எனக்குப் பிடித்தது ஒன்றே ஒன்று: வாங்குபவரின் டின் எண்ணும் (வரி அடையாள எண்) மைகார்ட் எண்ணும் (மலேசிய அடையாள அட்டை எண்) பொருந்துகிறதா என்று பில் போடும் முன்பே சரிபார்ப்பது. உங்கள் மென்பொருளில் அது இருந்தால் உடனே போட்டுக்கொள்ளுங்கள். வண்ண வண்ண அறிக்கைகள் மெதுவாக வரட்டும்.

(திரையில்: சோதனைத் தளத்தின் முகப்பு.)

வாரியம் நேரடித் தளத்துக்குப் பக்கத்திலேயே ஒரு சோதனைத் தளமும் வைத்திருக்கிறது. அதற்கான நுழைவு விவரங்கள் தனி. நேரடித் தளத்தினுடையது அங்கே செல்லாது. அப்டேட்டை முதலில் அங்கே போட்டுப் பார்க்கும்படி மென்பொருள் நிறுவனத்திடம் சொல்லுங்கள். ஒரு சாதாரண பில், 10,000-ஐத் தாண்டிய ஒரு பில், ஒரு கிரெடிட் நோட், வேண்டுமென்றே தவறான டின் எண் போட்ட ஒரு பில். நான்காவது பில் ‘செல்லாது’ என்று உங்கள் திரையில் சிவப்பாக வந்தால் கடையில் அப்டேட்டைப் போடலாம். வராவிட்டால் பழைய பதிப்பிலேயே இருங்கள், திருத்தித் தரச் சொல்லுங்கள். எப்படியானாலும் மாதக் கடைசியிலும் தீபாவளி வாரத்திலும் மட்டும் போட வேண்டாம்.